ஆசை வரட்டும் என்று காத்திராமல் வகுப்பு நடத்துவது எப்படி

தாளங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரி முடித்து, நியமனக் கடிதமும் கையுமாக மட்டக்களப்பின் வெல்லாவெளி, மண்டூர், கொக்கட்டிச்சோலைப் பக்கம் வந்து சேருகிற இளம் ஆசிரியர்கள் முதல் தவணை முடிவதற்குள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆசையே இல்லையே, என்ன செய்யலாம்?" ஆசிரியர் அறையில் இதற்கு ஆயத்தமான பதில்கள் இருக்கின்றன. ஃபோன் கெடுத்துவிட்டது, தகப்பன் குடி, தாய் வெளிநாட்டில், வேளாண்மை வெட்டு வந்தால் பாதி வாங்கு காலி. எல்லாம் உண்மை. ஆனால் ஒரு பாடவேளைக்குள் இவற்றில் ஒன்றையும் நாம் மாற்றப் போவதில்லை, அதனால் நம் கையில் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் படிப்பிப்பது கணிதம், தரம் 9 முதல் 11 வரை. இத்தனை காலம் வகுப்பில் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: ஆசை முன்னுக்கு வந்து படிப்பு பின்னுக்கு வருவது அபூர்வம். ஒரு கணக்கைத் தன் கையால் செய்து, விடை சரி என்று கண்ட பிள்ளை, அடுத்த கணக்கைத் தானாகக் கேட்கும். ஆகவே ஊக்கப் பேச்சு, "நீ படித்தால் டொக்டர் ஆகலாம்" எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒவ்வொரு பாடவேளையிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும், கடைசி வாங்கில் சுவரோடு சாய்ந்திருக்கிறவனுக்கும், ஒரு உண்மையான 'சரி' கிடைக்கும்படி வகுப்பை ஒழுங்கு செய்யுங்கள். உண்மையான என்று சொல்வதைக் கவனியுங்கள். தரம் 10 பிள்ளைக்கு 2ஐயும் 3ஐயும் கூட்டக் கொடுத்துக் கைதட்டினால் அது அவமானம், பிள்ளைக்கு அது உடனே விளங்கிவிடும்.

முதல் ஐந்து நிமிடம்: கொப்பி மூடி

வகுப்புக்குள் போனதும் கரும்பலகையில் ஐந்து சிறு கேள்விகள் எழுதுங்கள். ஒன்று நேற்றையது, இரண்டு போன கிழமையது, ஒன்று போன மாதத்தது, ஒன்று எல்லாருக்கும் வரக்கூடியது. கொப்பி, புத்தகம் எல்லாம் மூடி. யாரும் யாரோடும் கதைப்பதில்லை. ஐந்து நிமிடம் முடிந்ததும் விடைகளை நீங்களே சொல்ல, பிள்ளைகள் தங்கள் தாளைத் தாங்களே திருத்துவார்கள். புள்ளியை இடாப்பில் ஏற்றவே வேண்டாம், "யார் அஞ்சுக்கு அஞ்சு?" என்று கேட்கவும் வேண்டாம். புள்ளி ஏறத் தொடங்கிய அன்றைக்கே பார்த்து எழுதுவதும் தொடங்கிவிடும்.

இது ஏன் என்றால், மனிதர் மறக்கிற விதம் அப்படி. 1885இலேயே ஜெர்மனியில் எபிங்கவுஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தானே மறந்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து காட்டினார். படித்த முதல் நாளிலேயே பெரும்பங்கு போய்விடுகிறது, மிச்சம் மெதுவாகக் கரைகிறது. அப்புறம் 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் அதைத் திரும்ப வாசித்தது, மற்றக் கூட்டம் வாசித்ததை மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்களுக்குத்தான் கூடப் புள்ளி. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ்: நினைவில் இருந்து எழுதியவர்களிடம் 56 சதவீதம் மிஞ்சியிருந்தது, திரும்ப வாசித்தவர்களிடம் 42.

பரீட்சைக்கு முதல் நாள் இரவு முழுக்கக் குறிப்பை வாசித்த பிள்ளை "எல்லாம் தெரியும் சேர்" என்று வந்து, வினாத்தாளைக் கண்டதும் விழிப்பது இதனால்தான். வாசிக்கும்போது பழக்கமான முகமாகத் தெரிந்ததை அறிவு என்று நம்பிவிட்டது. அது சோம்பேறிப் பிள்ளை என்று நாம் எழுதிவிடுகிறோம், பாவம், உழைத்த விதம்தான் பிழை.

இதை விளங்கப்படுத்த நம்மூரில் கூத்தை விட நல்ல உதாரணம் கிடையாது. ஒரு வடமோடிக் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என்ன செய்கிறார்? ஆட்களைத் தெரிவு செய்து சட்டம் கொடுக்கிறார், அதாவது அவரவர் பாட்டுப் பகுதி. அதை வீட்டில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தால் போதும் என்று விடுவதில்லை. இரவுக்கு இரவு கூத்துக் களரிக்கு வரச் சொல்லி, மத்தளத்துக்கு முன்னால் நிறுத்தி, கையில் தாள் இல்லாமல் படிக்கவும் ஆடவும் வைக்கிறார். பிழைத்தால் அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுக்கிறார். மாதக் கணக்காக இது போகும், நடுவில் காலில் சதங்கை கட்டுகிற சதங்கை அணிதல் வரும், பிறகு முழு ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அப்புறம்தான் அரங்கேற்றம். எழுத வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர் இந்த மண்ணில் விடிய விடிய ஒரு பாத்திரத்தைத் தாங்கி ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாபகசக்தி பிறவியில் வந்ததில்லை, இடைவெளி விட்டு விட்டு, தாள் இல்லாமல், பலமுறை எடுத்ததில் வந்தது. அதோடு ஊர் முழுக்க வந்து பார்க்கப் போகிறது என்ற ஒரு நாள் முன்னால் இருந்தது. நம் வகுப்பில் அந்த நாள் தவணைப் பரீட்சையாக மட்டும் இருப்பதால்தான் பிள்ளைக்கு அது பயமாகத் தெரிகிறது.

இந்த ஐந்து கேள்வியை ஒரு தவணை விடாமல் செய்யுங்கள். முதல் இரண்டு கிழமையும் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், தாளை ஒளிப்பார்கள். அதற்காக நிறுத்த வேண்டாம். மூன்றாம் கிழமை அளவில் யாராவது ஒருவன் நீங்கள் கரும்பலகைக்குத் திரும்பும் முன்னமே தாளைக் கிழித்து வைத்திருப்பான்.

பிழையை என்ன செய்வது

இதில்தான் பெரும்பாலான வகுப்புகள் கெட்டுப்போகின்றன, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தரம் 9இல் ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறது. வழக்கமாக நாம் சிவப்புப் பேனையால் குறுக்கே கீறி, "பொது வகுதி எடு என்று எத்தனை தரம் சொன்னேன்" என்று ஒரு சத்தம் போட்டு, சரியான விடையை எழுதிக் காட்டுவோம். பிள்ளை அதைப் பார்த்து எழுதும். அடுத்த கிழமை திரும்பவும் 2/5 வரும், ஏனென்றால் மேலோடு மேல் கீழோடு கீழ் கூட்டுவது பிழை என்று அதற்கு யாரும் காட்டவில்லை, சேருக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும்தான் தெரிந்தது.

இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

"மனே, அரை மூடை நெல் கிடக்கு. அதோட இன்னும் கொஞ்சம் போடுறாய். கூடுமா குறையுமா?"

"கூடும் சேர்."

"சரி, நீ எழுதின 2/5, அரையை விடப் பெரிசா சின்னனா?"

இங்கே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இது எளிதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்ததில், கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்கு ஒரு செக்கன் அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று செக்கன் பொறுத்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியா" குறைந்தது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மூன்று செக்கன் கேட்கச் சின்ன நேரம், நிற்கும்போதுதான் எவ்வளவு நீளம் என்று தெரியும். மனதுக்குள் எண்ணுங்கள். முன்வாங்குக் கெட்டிக்காரி "சேர் நான் சொல்லட்டா" என்று துடிப்பாள், அவளைக் கையால் அமர்த்துங்கள்.

ஐந்தில் பாதி இரண்டரை, 2/5 என்றால் அதிலும் குறைவு, அப்போ கூட்டினதுக்குப் பிறகு நெல் குறைந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளை தானே கண்டுபிடிக்கிற இடத்தில் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு பொது வகுதியைச் சொல்லிக் கொடுத்தால் அது ஏறும், அதற்கு முன் சொன்னால் ஏறாது. ஆறில் மூன்று, ஆறில் இரண்டு, மொத்தம் 5/6. உடனே 1/2 + 1/4 கொடுங்கள், பிறகு 1/3 + 1/4. அதில் ஒன்று சரி வரும்போது அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய 'சரி' கிடைத்துவிட்டது.

இந்த உரையாடலை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒரே பிள்ளையிடம் நடத்த வேண்டாம். பக்கத்தில் போய் மேசையில் குனிந்து கேளுங்கள், அல்லது பெயர் சொல்லாமல் "இப்படி ஒரு விடை வந்திருக்கு" என்று பலகையில் எழுதி எல்லாரிடமும் கேளுங்கள். பழைய கலண்டர் மட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மட்டையின் வெள்ளைப் பக்கத்தில் ஆளுக்கொரு விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொன்னால், கை உயர்த்துகிற நாலு பேரை வைத்து வகுப்புக்கு விளங்கிவிட்டது என்று ஏமாறுகிற வேலை இல்லை.

பிரம்பைப் பற்றி ஒரு வரி: சுற்றுநிருபம் வேண்டாம் என்கிறது, அதை விடுங்கள், அடி வாங்குகிற பிள்ளை கணக்கை யோசிப்பதில்லை, கையை யோசிக்கிறது.

புதுப் பாடத்தை எப்படிக் கொடுப்பது

ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்கக் கூடிய புது விஷயம் மிகக் கொஞ்சம், நாலு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக் கணக்கு படிப்பிக்கிறோம் என்றால் சதவீதம், காலம், பெருக்கல், கேள்வியின் தமிழ், நாலும் சேர்ந்தே இடத்தை நிரப்பிவிடும். ஆகவே முதலில் முழுதும் செய்த கணக்கு ஒன்றைப் பலகையில் விட்டு வையுங்கள். 40,000 ரூபா கடன், மாதம் 3 சதவீத எளிய வட்டி, 6 மாதம். ஒரு மாத வட்டி 1,200, ஆறு மாதத்துக்கு 7,200, திருப்பிக் கட்ட வேண்டியது 47,200. அடுத்ததாகக் கடைசி வரி இல்லாத கணக்கு ஒன்று. அடுத்தது பாதி இல்லாதது. அப்புறம் முழுவதும் அவர்களுடையது. வேலை தெரிந்தவர்களுக்கு இது இழுவையாக இருக்கும், அவர்களை நேரே கடைசிக் கணக்குக்கு விட்டுவிடலாம்.

கடன் கணக்கை வேண்டுமென்றே எடுத்தேன். கிழமைக்கு கிழமை கட்டுப்பணம் வாங்க ஆள் வருகிற வீடுகளின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது புத்தகக் கணக்கில்லை. ஆனால் "உங்கட வீட்டில எவ்வளவு கடன்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பலகையில் வருகிற ஆள் எப்போதும் ஊர் பேர் தெரியாத ஆளாகவே இருக்கட்டும்.

கருத்தரங்குகளில் இன்னமும் சொல்லிக் கொடுக்கிற ஒன்று, இந்தப் பிள்ளை பார்த்துப் படிக்கும், அந்தப் பிள்ளை கேட்டுப் படிக்கும், பிரித்துப் படிப்பியுங்கள் என்பது. அதை நம்பிப் படிவம் நிரப்பி நேரத்தைப் போக்க வேண்டாம். 2008இல் பாஷ்லர் உட்பட நாலு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைக் கிளறிப் பார்த்து, அப்படிப் பிரித்துப் படிப்பித்தால் நன்மை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். முக்கோணியை எல்லாருக்கும் கீறித்தான் காட்ட வேண்டும்.

பாராட்டும் பரிசும்

"கெட்டிக்காரன்" என்ற சொல்லைக் குறையுங்கள். 1998இல் முல்லர், டுவெக் இருவரும் ஐந்தாம் தரப் பிள்ளைகளிடம் செய்த பரிசோதனையில், ஒரு கூட்டத்தை மூளைக்காகவும் இன்னொரு கூட்டத்தை முயற்சிக்காகவும் பாராட்டினார்கள். மூளைக்குப் பாராட்டு வாங்கியவர்கள் பிறகு லேசான கணக்கைத் தெரிவு செய்தார்கள், கஷ்டமான ஒன்றில் தோற்றதும் துவண்டார்கள். இந்த எண்ணத்தை வைத்துப் பின்னால் கட்டிய பெரிய பெரிய திட்டங்களின் பலன் சின்னதாகத்தான் வந்திருக்கிறது, ஆகவே சுவரில் வாசகம் ஒட்டினால் வகுப்பு மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு உதவுவது இவ்வளவுதான்: பிள்ளை செய்த வேலையில் ஒரு இடத்தைத் தொட்டுச் சொல்வது. "ரெண்டாம் வரியில ஆறை எடுத்தாய் பாரு, அதுதான் இந்தக் கணக்கிட திறப்பு." அதைக் கேட்ட பிள்ளைக்கு அடுத்த கணக்கில் எங்கே கை வைப்பது என்று தெரியும். "வெரி குட்" என்பதில் அது இல்லை.

பரிசு விஷயத்தில் இன்னும் கவனம். 1973இல் லெப்பரும் சகாக்களும், கலர் பேனையால் படம் கீறுவதில் ஏற்கனவே ஆசையாக இருந்த சின்னப் பிள்ளைகளைத் தெரிவு செய்து, சிலரிடம் மட்டும் "கீறினால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனைகளை வைத்தபோது, சான்றிதழுக்காகக் கீறியவர்கள் மற்றவர்கள் கீறியதில் பாதி நேரம்தான் கீறினார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. ஆகவே பிள்ளை தானாக விரும்பிச் செய்கிற ஒன்றுக்கு முன்னால் டொபியை நீட்டாதீர்கள். வாய்ப்பாடு பாடமாக்குவது போல யாருக்கும் ஆசை வராத வேலைக்கு ஒரு பேனை கொடுத்தால் குற்றமில்லை.

இந்த இடத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைச் சொல்லாமல் போக ஏலாது. பெறுபேறு வந்த கிழமை களுவாஞ்சிக்குடியில் இருந்து அக்கரைப்பற்று வரை சந்திக்குச் சந்தி பேனர், வெட்டுப்புள்ளிக்கு மேலே போன பிள்ளைகளின் படத்தோடு. படம் இல்லாத பிள்ளைகளும் அதே சந்தியால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பத்து வயதில் "நான் பெயில்" என்று தீர்மானித்துவிட்ட பிள்ளை தரம் 6க்கு வருகிறது, தரம் 10இல் என்னிடம் வரும்போது அது "எனக்கு ஏலா சேர்" என்று பழுத்திருக்கிறது. அந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்காதது தோல்வியே இல்லை, ஆனால் அதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. பேனர் அடிக்கிற காசுக்கு எனக்கு வேறு யோசனைகள் உண்டு, அதை அதிபர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் "ஏலா" என்ற சொல் வந்தால் வாதாடாதீர்கள், ஊக்கமூட்டாதீர்கள். "சரி, இந்த முதல் வரி மட்டும் ஏலுமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏலும்.

வராமல் போய் வருகிற பிள்ளை

பெரும்போக அறுவடை தை, மாசி, பங்குனி என்று போகும். இப்போது வெட்டுவது மெசின்தான், ஆனாலும் மூடை கட்ட, காய வைக்க, மாடு பார்க்க என்று பெடியன்கள் வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகிறார்கள். கிழமைக் கணக்கில் வராமல் இருந்துவிட்டு வருகிறவனை "துரை இப்பத்தான் வாறாரா?" என்று வரவேற்றால் அடுத்த நாளும் வரமாட்டான். அந்த வகுப்பில் அவனுக்கு ஒன்றும் விளங்காது என்பதே போதுமான தண்டனை.

செய்ய வேண்டியது: அவன் இல்லாத காலத்துப் பாடங்களில் இருந்து இரண்டை மட்டும் தெரிவு செய்யுங்கள், மேலே நடக்கப் போகிற பாடத்துக்குக் கட்டாயம் வேண்டிய இரண்டு. ஒவ்வொன்றுக்கும் செய்த கணக்கு ஒன்று, செய்யாத கணக்கு மூன்று, ஒரே தாளில். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். பக்கத்தில் விளங்கப்படுத்தத் தெரிந்த ஒரு பிள்ளையை இருத்துங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் ஏ எடுக்கப் போகிற பிள்ளையை விட, போன வருடம் இதே இடத்தில் திண்டாடி இப்போது கரையேறின பிள்ளை நன்றாகச் சொல்லிக் கொடுக்கும், எந்த இடத்தில் வழுக்கும் என்று அதற்குத்தான் தெரியும்.

தரம் 11க்கு வந்ததும் ரியூசனில் கடந்தகால வினாக்களைத் தலைப்புத் தலைப்பாகச் செய்விப்பார்கள். சதவீதம் என்று தலைப்பிட்ட தாளில் எல்லாம் சதவீதம், பிள்ளை யோசிக்கவே தேவையில்லை. பரீட்சையில் தலைப்பு இருக்காது. நீங்கள் கலந்து கொடுங்கள், சதவீதத்துக்குப் பிறகு பரப்பளவு, அப்புறம் நிகழ்தகவு. வகுப்பில் பிழை கூடும், பெற்றோர் புறுபுறுப்பார்கள், தாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தெரிவதுதான் 30க்கும் 35க்கும் நடுவில் நிற்கிற பிள்ளையை எஸ்ஸுக்கு, அதாவது சாதாரண சித்திக்கு, தள்ளும்.

இவ்வளவு செய்தும் அசையாத பிள்ளை இருந்தால், ஆசையைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பலகை தெரிகிறதா. கடைசி வாங்கில் இருந்து ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும், தெரியாவிட்டால் வீட்டுக்குச் சொல்லி கண் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். மற்றது, கேள்வியை வாசிக்கத் தெரிகிறதா. தரம் 10இலும் வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கணிதம் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தனியே கூப்பிட்டு ஒரு வசனக் கணக்கைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு விடையைக் கேளுங்கள். விடை வந்தால் அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கணிதம் இல்லை, தமிழ் ரீச்சரோடு போய்க் கதையுங்கள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் பெரும்பாலும் அம்மாமார்தான் வருவார்கள், சில பிள்ளைகளுக்கு அம்மம்மாவோ உம்மும்மாவோ. "எங்களுக்குப் படிப்பறிவில்லை சேர், நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்க" என்பார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம், "இண்டைக்குப் பள்ளியில செஞ்ச கணக்கு ஒண்டைக் கொப்பியைப் பாக்காம எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேட்டால் போதும். விளங்காவிட்டால் "அது ஏன் அப்படி?" என்று கேட்கச் சொல்லுங்கள். விளங்காத ஆள் கேட்கிற "ஏன்" பிள்ளைக்கு ஆகக் கஷ்டமான கேள்வி. அடுத்த நாள் காலையில் அந்த ஐந்து கேள்வியில் ஒன்றை அதிலிருந்தே போடுங்கள்.